ஒன்பதாம் எண் வீட்டுப் பத்திரத்தில் நான் போட்ட சாட்சிக் கையெழுத்து

பெயர்: ஹெர்பர்ட் நெட்டில்டன். வயது: 79. தொழில்: ஓய்வு பெற்றவர், லீட்ஸ் நகரில் ஒரு நூலகத்தின் பட்டியல் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். விலாசம்: எண் 11, பெக் டெரஸ், ஸ்கிப்டன், யார்க்‌ஷயர். நாள்: 23.03.2018, வெள்ளிக்கிழமை. இடம்: ஸ்கிப்டன் காவல் நிலையம். தொடங்கிய நேரம்: காலை 10.05. பதிவு செய்தவர்: துப்பறியும் காவலர் ஜேன் மெட்காஃப்.

நான் சொல்ல இருப்பவை:

1. நான் யார் என்பதும், ஒன்பதாம் எண் வீட்டில் வசித்த திருமதி டோரீன் ஆல்டர்சனோடு எனக்குள்ள பழக்கமும்.
2. அவர் கீழே விழுந்ததும், வீட்டை விட்டுப் போனதும்.
3. அந்த வீடு விற்பனைக்கு வந்ததும், வாங்குகிறவர்கள் வந்து பார்த்ததும்.
4. மார்ச் 6 அன்று திருமதி ஆல்டர்சன் காரில் வந்திருந்ததும், அவருடைய கையெழுத்துக்கு நான் சாட்சியிட்டதும்.
5. வாங்குகிறவர்களுக்காகப் பத்திர வேலை பார்க்கும் கன்வேயன்சர் என்னைத் தொலைபேசியில் கேட்டதும், நான் சொன்ன பதிலும்.
6. முதியோர் இல்லத்தில் நான் திருமதி ஆல்டர்சனைப் பார்த்தது.
7. அவருடைய தங்கை மகன் கிரெய்க் ஹோல்ராய்ட் என் வீட்டுக்கு வந்து பேசியது.

மேற்கண்ட ஏழு குறிப்புகளையும் நேற்று வீட்டில் எழுதி, நல்ல தாளில் பிரதி எடுத்துக் கொண்டுவந்தேன். வரிசை தவறினால் எனக்குப் பேச்சு தடுமாறும் என்பதால் அவற்றை முதலில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொண்டேன். காவலர் மெட்காஃப் சம்மதித்தார்.

நான் எதற்காக அழைக்கப்பட்டேன் என்பது எனக்கு விளக்கப்பட்டது. ஒன்பதாம் எண் வீட்டின் விற்பனை இன்று பகல் 12 மணிக்கு முடிய இருக்கிறது. அந்த நேரத்தில் பணமும் சாவியும் கைமாறும்; அதன் பிறகு வீடு திருமதி ஆல்டர்சனுடையது அல்ல. தான் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடவில்லை என்றும், ஈஸ்டருக்குத் தன் வீட்டுக்குத் திரும்பப் போவதாகவும் அவர் முதியோர் இல்லத்தில் சொல்லி, இல்லத்தார் காவல் நிலையத்துக்குத் தெரிவித்திருக்கிறார்கள். அவர் கையெழுத்திட்டார், ஆனால் மறந்துவிட்டார் என்று திரு. ஹோல்ராய்ட் சொல்கிறார். மருத்துவர் கேட்டபோது திருமதி ஆல்டர்சன் கிழமையைத் தவறாகச் சொன்னதால் அவர் சொல்லுக்கு அதிக எடை இல்லை. இல்லத்தின் வருகைப் புத்தகத்தில் மார்ச் 6 அன்று 2.10 முதல் 4.05 வரை திரு. ஹோல்ராய்ட் அவரை வெளியே அழைத்துப்போனதாக எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் வாசலில் ஒரு மேசைமேல் கிடப்பது, வருகிறவர்கள் தாங்களே எழுதிக்கொள்வது, யாரும் பார்ப்பதில்லை. ஆகவே மூன்றாவது சொல் என்னுடையது. தெரிந்தே பொய் சொன்னால் என்மீது வழக்கு வரும் என்பதும் எனக்குச் சொல்லப்பட்டது.

முதல் குறிப்பு. நான் பெக் டெரஸ் பதினொன்றாம் எண் வீட்டில் முப்பத்தொரு ஆண்டுகளாகத் தனியாக வசித்து வருகிறேன். திருமதி ஆல்டர்சனுக்கு வயது 84. பள்ளிக்கூடச் சமையலறையில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். கணவர் காலமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் இரு வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவில் இடுப்பளவு கற்சுவர் உள்ளது. என் தோட்டத்தில் ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை 9 மணிக்கு அளந்து, நோட்டில் எழுதுவது என் வழக்கம். அதே நேரத்துக்கு அவர் சுவரருகே வந்து, "எவ்ளோ பெஞ்சுது, ஹெர்பர்ட்?" என்று கேட்பார். நான் சொல்வேன். "என் மூட்டு அதுக்கு மேலயே சொல்லுச்சு" என்பார். முப்பத்தொரு ஆண்டுகளில் நாங்கள் பேசியதில் பெரும்பகுதி இதுவே. நான் அவரை மிஸஸ் ஆல்டர்சன் என்று அழைப்பேன்.

இரண்டாவது குறிப்பு. 11.12.2017 திங்கட்கிழமை காலை 8.50 மணிக்கு, அவருடைய பின்கதவுப் பக்கம் குப்பைத்தொட்டி மூடி கல்லில் விழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்ப்பது மரியாதையாக இருக்காதோ என்று நான்கு நிமிடம் சமையலறையில் நின்றேன். அதன் பிறகு வெளியே போய்ச் சுவருக்கு மேலாகப் பார்த்தபோது அவர் படிக்கட்டில் உறைந்திருந்த பனியில் சறுக்கி விழுந்து கிடந்தார். இடது கால் திரும்பியிருந்தது. நான் சுவரைப் பிடித்தபடி நின்றேன். அவர், "பாத்துக்கிட்டே நிக்காத ஹெர்பர்ட், நான் ஒண்ணும் உன் மழைமானி இல்ல" என்றார். அதன் பிறகு நான் ஆம்புலன்சை அழைத்தேன். இடுப்பெலும்பு முறிவு என்று பிறகு அறிந்தேன். ஜனவரி முதல் வாரத்தில் மருத்துவமனையிலிருந்து, கால் தேறும்வரை என்று, ஊரின் மறுகோடியில் உள்ள ஃபெல் வியூ முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். என் வீட்டிலிருந்து அந்த இல்லத்துக்குப் பேருந்தில் பதினேழு நிமிடம். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நான் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு மருத்துவமனைக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியதோடு சரி. போகலாம் என்று மூன்று முறை கோட்டைப் போட்டுக்கொண்டு கழற்றினேன். போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் நான்காவது குறிப்பில் வரும்.

மூன்றாவது குறிப்பு. ஜனவரி 15 அன்று ஒன்பதாம் எண் வீட்டின் முன்னால் விற்பனைப் பலகை நடப்பட்டது. அன்று மாலை திரு. ஹோல்ராய்ட் வந்து, படி ஏற முடியாது என்பதால் பெரியம்மா வீட்டை விற்றுவிட்டுத் தன் ஊருக்கருகே ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு வர முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். முன்பு என் வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாயைப் பணம் வாங்காமல் சரிசெய்து கொடுத்தவர். நான் நல்லது என்றேன். விற்பனைக்கு அவர் அமர்த்தியது வேறு ஊரில் கணினி வழியாகவே எல்லாம் செய்யும் ஒரு நிறுவனம் என்றும், அங்கே யாரும் திருமதி ஆல்டர்சனை நேரில் பார்த்ததில்லை என்றும் இன்றுதான் அறிந்தேன்.

வாங்குகிறவர்கள் கீரன் லம்ப் என்பவரும் அவர் மனைவி பெத்தும். ஏழு மாதக் குழந்தை ஒன்று உண்டு. பிப்ரவரியில் இருமுறை வந்து பார்த்தார்கள். மார்ச் 10 சனிக்கிழமை அளவு எடுக்க வந்தபோது என்னிடம் வாசலில் பேசினார்கள். அவர்கள் சார்பில் பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்ப்பவர் இந்த ஊர்க் கன்வேயன்சர் திருமதி ரூத் கார்சைட். அவரைப் பற்றி கீரன், "முட்டையில மயிர் புடுங்குற பொம்பளைங்க அது. சாக்கடை எங்க போவுது, சுவர் யாருது, மேல பறக்குற காக்கா யாருதுன்னு இன்னும் ஏழு கேள்வி அனுப்பியிருக்கு. என் ஃப்ரெண்டுக்கு ஆறே வாரத்துல வேலைய முடிச்சுட்டானுங்க, அதுவும் பாதி காசுக்கு" என்றார். பெத், "கேக்கட்டும். உனக்குக் கேக்கத் தெரியாததத்தானே அந்தம்மா கேக்குது" என்றார். அதன் பிறகு என்னிடம், "நீங்க ராத்திரில டிரம் வாசிக்கிற ஆளில்லயே, மிஸ்டர் நெட்டில்டன்?" என்று கேட்டார். மழை மட்டும் அளப்பேன் என்றேன். இருவரும் சிரித்தார்கள். அவர்களுக்குத் திருமதி கார்சைட் முந்தின நாள் என்னிடம் பேசியது தெரியாது. நானும் சொல்லவில்லை.

நான்காவது குறிப்பு. மார்ச் 6 செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே மழை. பிற்பகல் 3.20க்கு வாசல்மணி அடித்தது. கதவைத் திறப்பதற்கு முன் கூடத்தில் நின்று என்ன சொல்லலாம் என்று யோசிப்பது என் பழக்கம். திரு. ஹோல்ராய்ட் நின்றார். ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரம் வைத்திருந்தார். அவருடைய கார் கேட்டுக்கு வெளியே, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, நின்றது. கண்ணாடி துடைப்பான் ஓடவில்லை. அவர், "ஹெர்பர்ட், ஒரே ஒரு கையெழுத்து. பெரியம்மா இப்பதான் மடியில வச்சுப் போட்டாங்க. சாட்சி சொந்தக்காரனா இருக்கக் கூடாதாம், அக்கம்பக்கத்துல கேக்கச் சொன்னாங்க. கால் சரியில்ல, இறங்க முடியல. அதோ பாருங்க, கையக் காட்டுங்க, சந்தோஷப்படுவாங்க" என்றார்.

நான் பார்த்தேன். காரின் முன் இருக்கையில், மழை வழியும் கண்ணாடிக்குப் பின்னால், திருமதி ஆல்டர்சனின் பச்சைக் கோட்டும் கடுகு நிறக் கம்பளித் தொப்பியும் தெரிந்தன. குளிர்காலம் முழுவதும் அவர் அணிவது அவைதான். நான் கையசைத்தேன். அங்கிருந்து அசைவு இல்லை. இரண்டு மாதம் நான் எட்டிப்பார்க்காததில் அவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். என் கதவிலிருந்து கேட்டுக்குப் பதினொரு எட்டு நடைதான். குடை கதவருகிலேயே இருந்தது. போய்க் கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு கூடத்து மேசையில் பத்திரத்தை வைத்தேன். டோரீன் ஆல்டர்சன் என்ற கையெழுத்து நீல மையில் முன்பே இருந்தது. அதன் கீழே, மேற்படி கையெழுத்து என் முன்னிலையில் இடப்பட்டது என்ற வரியின் அடியில், என் பெயர், விலாசம், தொழில் ஆகியவற்றைப் பெரிய எழுத்துகளில் எழுதிக் கையெழுத்திட்டேன். நான் அந்த வரியைப் படித்தேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். திரு. ஹோல்ராய்ட், "லைப்ரரிக்காரர் எழுத்துன்னா எழுத்துதான், அச்சடிச்ச மாதிரி" என்று பாராட்டினார். எங்கள் தெருவில் ஒருவர் பத்திரத்துக்கு ஒருவர் இப்படிப் போடுவது வழக்கம். ஏழாம் எண்காரர் மகளின் பாஸ்போர்ட் புகைப்படத்துக்கும் நான் போட்டிருக்கிறேன். யாரும் யாரையும் மறுத்ததில்லை. மறுத்தால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும்.

காவலர் மெட்காஃப், பேனா ஓடுவதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. ஆனால் பதினொரு எட்டுத் தூரத்தில் காரில் அவர் இருந்ததால், அது என் முன்னிலை என்றே அப்போது கருதினேன் என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டேன்.

ஐந்தாவது குறிப்பு. மார்ச் 9 வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்குத் திருமதி கார்சைட் தொலைபேசியில் அழைத்தார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. நிதானமான குரல். "மிஸ்டர் நெட்டில்டன், ரெண்டே நிமிஷம். நான் லம்ப் குடும்பத்துக்காக வேலை பாக்குறேன். பத்திரத்துல சாட்சியா உங்க பேர் இருக்கு. சாட்சிக்கு போன் பண்ணணும்னு சட்டம் ஒண்ணுமில்ல, இது என் வழக்கம். அந்தம்மா கையெழுத்துப் போட்டத நீங்க பாத்தீங்களா?" என்றார்.

அவர் அங்கே இருந்தார் என்றேன்.

"இருந்தாங்க. சரி. போட்டதப் பாத்தீங்களா?"

அதன் பிறகு அவர் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். தொலைபேசியில் அமைதியைத் தாங்கும் திறன் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. பார்த்தேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டு, எனக்கு வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். சரி என்றேன். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். பின்னால யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பதில் சரியல்ல என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். அடுத்து நான்கு நாள் அவர் எண்ணை மேசைமேல் எழுதி வைத்திருந்தேன்.

ஆறாவது குறிப்பு. மார்ச் 14 புதன்கிழமை, பிற்பகல் 2.40க்கு ஃபெல் வியூ இல்லத்துக்குப் போனேன். என் மனத்தைச் சமாதானம் செய்துகொள்வதற்காகவே போனேன். அவருக்காகப் போனதாகச் சொல்ல முடியாது. என்ன பேசுவது என்ற கவலைக்கு மாற்றாக, டிசம்பர் 11 முதல் அன்றுவரை பெய்த மழைக்கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன்.

திருமதி ஆல்டர்சன் தோட்டத்தைப் பார்க்கும் சன்னலருகே நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "யாருடா இது, செத்துட்டியோன்னு நெனச்சேன். செத்திருந்தா மன்னிச்சிருப்பேன்" என்றார். நான் உட்கார்ந்து தாளைப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மார்ச் 6 செவ்வாய், 14 மில்லிமீட்டர், இந்த மாதத்திலேயே அதிகம் என்று படித்தபோது கண்ணைத் திறந்து, "தெரியுமே. செவ்வாய்க்கிழமைதான் முடி வெட்டுற பொண்ணு வரும். மழைன்னு அன்னிக்கு வரல. மத்தியானச் சாப்பாட்டுலேந்து டீ வரைக்கும் இதே நாற்காலிலதான். அந்தா, அந்தத் தொட்டி ரொம்பி வழிஞ்சுது, பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். சன்னலுக்கு வெளியே ஒரு மண்தொட்டி இருந்தது. அதன் விளிம்பில் மண் வழிந்து காய்ந்த தடம் இருந்தது.

நான் மார்ச் 7இன் அளவைப் படித்தேன்.

அதன் பிறகு அவர், ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்துவிடுவதாகவும், பின்படிக்கட்டில் கைப்பிடி வைக்க ஆள் பார்க்கும்படியும் சொன்னார். ருபார்ப் செடி சீக்கிரம் தளிர்க்க அதன் மேல் வாளியைக் கவிழ்த்து வைத்தாயா என்று கேட்டார், நான் வைக்கவில்லை. வெளியே ஒரு சுற்றுப் போய்வரலாமா என்று நான் கேட்டதற்கு, "கோட்டு இல்லாம எப்படிப் போறது? பச்சக் கோட்டையும் தொப்பியையும் பிப்ரவரில சலவைக்குப் போடுறேன்னு கிரெய்க் தூக்கிட்டுப் போனான். இன்னும் வரல. இந்த வீட்டுக்குள்ள வந்ததுலேந்து நான் வாசப்படி தாண்டல, ஹெர்பர்ட்" என்றார். நான் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அடுத்த பேருந்துக்கு இருபத்தாறு நிமிடம் இருந்தது. அவர், "வீட்டப் பாத்துக்க" என்றார்.

பெக் டெரஸுக்குத் திரும்பியபோது ஒன்பதாம் எண் வாசலில் இருந்த பலகையில், விற்பனையானது என்ற பட்டை ஒட்டியிருந்தது. பொழுது சாயும்வரை சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். திருமதி கார்சைட்டை அழைக்கவில்லை.

ஏழாவது குறிப்பு. மார்ச் 16 வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குத் திரு. ஹோல்ராய்ட் வந்தார். சந்தைக் கடையிலிருந்து பன்றிக்கறி வைத்துச் சுட்ட அப்பம் ஒன்று வாங்கி வந்திருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். "பெரியம்மாவப் பாக்கப் போனீங்களாமே. நல்ல மனசு உங்களுக்கு" என்றார். ஆமாம் என்றேன். "கோட்டக் கேட்டாங்களா? எல்லாரையும் கேக்குறாங்க. போன வாரம் என்னைப் பாத்து, என்னங்கன்னு கூப்பிட்டாங்க. நான் அவங்க புருஷனாம். நாம என்ன பண்றது?" என்று சிரித்தார்.

அவர் வீடு திரும்புவதாகச் சொல்கிறாரே என்றேன்.

"ஹெர்பர்ட், எண்பத்து நாலு வயசுல அந்த மாதிரி இல்லத்துலேந்து நடந்து வெளிய வந்தவங்கள நீங்க பாத்திருக்கீங்களா? அந்தப் பொண்ணுக்குக் கைக்குழந்தை. வாடகை வீட்டக் காலி பண்ணிட்டு நிக்குது. அடுத்த வெள்ளிக்கிழம சாவி." அதன் பிறகு குரலை உயர்த்தாமலேயே, "நீங்க பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுருக்கீங்க. அந்தக் கன்வேயன்சர் அம்மாகிட்டயும் பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க, அது அவங்க ஃபைல்ல இருக்கு. இப்பப் போயி பாக்கலன்னு சொன்னா, மாட்டப்போறது நானில்ல. நீங்க படிச்சவரு. நான் சொல்லணுமா?" என்றார். போகும்போது என் வாசல் மிதியடி கோணலாக இருந்ததைக் காலால் நேராக்கிவிட்டுப் போனார். அந்த அப்பத்தை நான் தொடவில்லை. குளிர்பெட்டியில் அப்படியே இருக்கிறது. தேவையானால் கொண்டுவந்து தருகிறேன்.

மார்ச் 20 அன்று காவலர் மெட்காஃப் என் வீட்டுக்கு வந்து இன்றைய நாளைக் குறித்துக் கொடுத்தார். இன்று காலை 9 மணிக்கு மழைமானியில் 0.4 மில்லிமீட்டர். 9.20க்கு நான் கிளம்பியபோது ஒன்பதாம் எண் வாசலில் லம்ப் குடும்பத்தின் வாடகை வண்டி, கட்டில் மெத்தையோடு, நின்றிருந்தது. பெத் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சுவரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீக்கு வெந்நீர் வைக்கும் கெண்டி ஒன்று இருந்தது. "பன்னெண்டு மணிக்குச் சாவி, மிஸ்டர் நெட்டில்டன். மொதல்ல உள்ள கொண்டுபோகப்போறது இந்தக் கெண்டிதான். மொத டீ உங்களுக்கு. சக்கரை எத்தன?" என்று கேட்டார். ஒன்று என்றேன்.

இத்துடன் என் ஏழு குறிப்புகளும் முடிந்தன. அப்போது நேரம் 11.18. திருமதி கார்சைட் தன் அலுவலகத்தில் தொலைபேசி அருகில் காத்திருக்கிறார் என்றும், தகுந்த காரணம் கிடைக்காவிட்டால் 12 மணிக்குப் பணத்தை அனுப்பியே ஆக வேண்டும், நிறுத்திவைக்க அவருக்கு உரிமை இல்லை என்றும் காவலர் மெட்காஃப் சொன்னார். அதன் பிறகு மேற்கண்ட அனைத்தையும் எனக்கு வாசித்துக் காட்டி, திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். மார்ச் 6இன் மழை 14 அல்ல, 14.2 என்றேன். வேறு ஏதாவது என்றார். இல்லை என்றேன். பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுத்தேன். நேரம் 11.31.

என் சொந்தக் கையெழுத்தைப் போட வேண்டிய இடத்துக்கு மேலே, இது என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்ற வரி இருந்தது. மார்ச் 6 அன்று கூடத்து மேசையில் ஒரு வரியைப் படித்ததைப் போலவே இதையும் படித்தேன். அதன் பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் பக்கத்தில் உள்ள ஏழு குறிப்புகளை மட்டும் மறுபடி வாசிக்குமாறு கேட்டுக்கொண்டேன். நான்காவது வந்தபோது நிறுத்தச் சொன்னேன்.

நான்காவது குறிப்பு தவறு. மார்ச் 6 அன்று திருமதி ஆல்டர்சன் காரில் வந்திருக்கவில்லை. அந்த நேரம் அவர் ஊரின் மறுகோடியில் சன்னலோரம் உட்கார்ந்து தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நினைவு பிசகவில்லை. தொட்டியின் தடத்தை நான் பார்த்தேன், முடி வெட்டும் பெண்ணிடமும் கேட்கலாம். கிழமையைத் தவறாகச் சொன்னதை வைத்து அவரை எடைபோட்டால், இன்று என்ன தேதி என்பதை நானும் என் நோட்டைப் பார்த்துத்தான் சொல்வேன். காரின் இருக்கையில் இருந்தது ஒரு கோட்டும் ஒரு தொப்பியும் மட்டுமே. நான் கையசைத்தது அவற்றுக்கு. இதை மார்ச் 14 பிற்பகல் முதல் அறிவேன். எட்டு நாட்கள் ஆகியும் நேற்று நல்ல தாளில் அந்தக் குறிப்பை அப்படியே பிரதி எடுத்தேன். பயத்தினால் செய்தேன். வேறு காரணம் இல்லை.

முதல் பக்கத்து நான்காவது குறிப்பின்மேல், அடியில் இருப்பதைப் படிக்க முடியும்படி, ஒரே ஒரு கோடு இழுத்து ஓரத்தில் என் முதலெழுத்துகளைப் போட்டேன். நூலகத்தில் தவறான பதிவை அப்படித்தான் திருத்துவோம், கிழிப்பதில்லை. காவலர் மெட்காஃப் 11.40க்கு வெளியே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு 11.46க்குத் திரும்பினார். "பணம் போகல" என்றார். வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு யார் சொல்வது என்று கேட்டேன். அவர்களுடைய கன்வேயன்சர் சொல்வார் என்றார். நான் அந்த வாசலைத் தாண்டித்தான் என் வீட்டுக்குள் போக முடியும் என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டேன்.

கோடிட்ட நான்காவது குறிப்பும், மார்ச் 9 அன்று திருமதி கார்சைட்டிடம் சொன்ன பதிலும் நீங்கலாக, மேலே உள்ளவை யாவும் நான் சொன்னவை. நடந்தது நடந்தபடி சொன்னவை. இதை வாசிக்கக் கேட்டு, சரியென்று ஒப்பி, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன். நான் கையெழுத்திடும்போது வேறெங்கும் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருக்குமாறு காவலர் மெட்காஃபைக் கேட்டுக்கொண்டேன். அவர் கோப்பை மூடிவைத்துவிட்டுப் பார்த்தார்.

(ஒப்பம்) ஹெர்பர்ட் நெட்டில்டன்
23.03.2018, பகல் 11.52

மேற்படி கையெழுத்து என் முன்னிலையில் இடப்பட்டது; இடுவதைப் பார்த்தேன்.
(ஒப்பம்) ஜேன் மெட்காஃப், துப்பறியும் காவலர்